அசல் என்ற கேள்வி

1

"இது அசல்தானா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட இடம் புதுச்சேரியில் ஒரு வீட்டின் முன்கூடம். நாலு மேஜைகள். சுவரில் ஒரு மாதா படம், பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஓலைக் கூம்புத் தொப்பி. என்ன இருக்கிறது என்று கேட்டால் அன்றைக்கு என்ன செய்திருக்கிறார்களோ அதைச் சொல்வார்கள். கடையை நடத்துகிற அம்மாளுக்கு அறுபதைத் தாண்டிய வயது. அவரே சமைத்து அவரே கொண்டுவந்து வைக்கிறார். என் கேள்வியைக் கேட்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அசலா இல்லையான்னு எனக்குத் தெரியாது சார். எங்க அம்மா பண்ணினது இது" என்றார். கோபமில்லை. சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

தட்டில் இருந்தது சாயோ. கொத்திய இறைச்சியும் கண்ணாடிச் சேமியாவும் காளானும் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதை நெம் என்பார்கள். சைகோனிலிருந்து திரும்பிய புதுச்சேரிக் குடும்பங்களில் சாயோ. இதை லெட்யூஸ் இலையில் புதினாவோடு வைத்துச் சுற்றி, நுவோக்-மாம் கலந்த சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும். நுவோக்-மாம் என்பது மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தது. அதில் எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் சேர்கின்றன. சாயோவின் உறை அரிசி மாவில் வார்த்த மெல்லிய தாளாக இருக்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். என் தட்டில் இருந்ததன் உறை மைதா. கடித்தவுடனே தெரிந்தது. அதனால் கேட்டேன். படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னோடு வந்திருந்தவர் நெய்வேலி நண்பர், கவிதை எழுதுகிறவர். பதிலைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதில் என் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. வேறு ஒரு கேள்விக்குப் பதிலாக இருந்தது. நான் ஒரு தேசத்தைக் கேட்டேன். அவர் ஒரு கையைச் சொன்னார். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். சாப்பிடுகிறவன் சமைத்தவரிடம் எதைக் கேட்கலாம்? காசு கொடுப்பதால் அவனுக்கு எது கிடைக்கிறது, எது கிடைக்காது?

2

புதுச்சேரியில் வியத்நாமியச் சமையல் எப்படி வந்தது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. நம்மில் பலருக்குத் தெரியாது.

பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தது 1859-ல். 1862-ல் கொச்சின்சீனா அவர்களுடைய காலனி ஆயிற்று. ஆட்சி நடத்த ஆள் வேண்டும். ஏற்கனவே கையில் இருந்த புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். 1881-ல் ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. விருப்பமுள்ளவன் தன் ஜாதி, மதத்தைச் சார்ந்த சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம், பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்றது. துறந்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட ஜாதியினர், கிறிஸ்தவர்கள். ஊரில் தெருவில் நடக்க முடியாதவன் சைகோனில் பிரஜையாக இறங்கினான். சொல்தாவாக, போலீஸ்காரனாக, சிறைக்காவலனாக, வரி வசூலிப்பவனாக, குமாஸ்தாவாக வேலை பார்த்தான். அவன் பெற்ற சமத்துவத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சமத்துவம் இன்னொரு ஜனத்தின் தலைமேல் நின்றுகொண்டு கிடைத்தது என்பதையும் மறைக்க முடியாது.

செட்டிநாட்டிலிருந்து லேவாதேவிக்காரர்கள் போனார்கள். மீகாங் வடிநிலத்தின் நெல்லுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன் நின்றது. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. பர்மாவில் நடந்த அளவுக்கு இல்லை, ஆனால் அதே வகையான காரியம். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். சைகோன் நகரத்தின் மத்தியில் 1935-ல் எழுந்த மசூதியைக் கட்டியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்கள். அங்கே ஒரு மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. இன்று வியத்நாமியர்களும் சீனர்களும் அங்கே வந்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.

1954 மே 7-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். அதே வருஷம் நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சைகோனில் வேலை பார்த்த ஒரு புதுச்சேரி சொல்தாவுக்கு ஆறு மாதத்திற்குள் அவன் இருந்த ஊரும் பிறந்த ஊரும் வேறு கொடியின் கீழ் போய்விட்டன. சிலர் பிரான்சுக்குப் போனார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்களில் சிலரோடு வியத்நாமிய மனைவிகள் வந்தார்கள். 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விழுந்தபின் இன்னொரு அலை.

கடைக்கார அம்மாளின் தாய் முதல் அலையில் வந்தவர். மகள் புதுச்சேரியில் பிறந்தவர். தெருவில் தன் தாயைச் சீனாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அவர் சொன்னார். "பேர் சொல்ல வராதுல்ல, அதனால" என்று அவர்களுக்காகக் காரணமும் சொன்னார்.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் கல்கத்தாத் தெருக்களில் 'உன் பெயர் என் பெயர் வியத்நாம்' என்று கோஷம் எழுந்தது. தமிழிலும் இடதுசாரிக் கவிதைகளில் அந்தப் பெயர் அடிக்கடி வந்துபோயிற்று. அதில் பொய் இல்லை. அந்த யுத்தம் எல்லோருடைய மனசாட்சியையும் தொட்டது. ஆனால் அதே வருஷங்களில் கடலூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், வியத்நாமில் பிறந்த ஒரு பெண்ணைத் தெரு சீனாக்காரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நமக்கு வியத்நாம் ஒரு உவமையாக இருந்தது. உவமைக்குப் பசிக்காது, அது சமைத்துப் போடவும் செய்யாது.

அந்தத் தெருவுக்கு அவள் அந்நியமாக இருந்தது குற்றம். எனக்கு அவளுடைய சாயோ போதிய அந்நியமாக இல்லாதது குற்றம்.

3

அசல் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரபியில் வேர், மூலம் என்று அர்த்தம். உருது வழியாக நமக்கு வந்தது. தமிழில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, போலிக்கு எதிரானது. மற்றொன்று, வட்டிக்கு எதிரானது: அசலும் வட்டியும். நம்முடைய பழைய சொல்லான முதல் என்பதும் இதே மாதிரிதான். ஆரம்பம் என்றும் அர்த்தம், போட்ட பணம் என்றும் அர்த்தம். இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மூலத்தைக் கேட்பவன் ஏதோ ஒரு விதத்தில் தான் முதல் போட்டவன் மாதிரிக் கேட்கிறான். எதிரே இருப்பவர் அதைக் குறையாமல் வைத்திருந்து கொடுக்க வேண்டியவர் ஆகிவிடுகிறார்.

மீகாங் வயலின் விவசாயியிடம் அசலைக் கேட்டவனும் தமிழன். பல பத்து வருஷம் கழித்து ஒரு வியத்நாமியப் பெண்ணின் மகளிடம் மேஜையில் உட்கார்ந்து அசலைக் கேட்டவனும் தமிழன். இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒருவன் நிலத்தை எடுத்துக்கொண்டான், மற்றவன் ஒரு முகச்சுளிப்போடு நின்றான். ஆனால் கேட்கும் தோரணை ஒன்றுதான்.

அசல் வியத்நாமியச் சாப்பாடு என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஃபோ என்கிற மாட்டெலும்புச் சூப்பு இன்று அந்த தேசத்தின் அடையாளமாக உலகமெங்கும் அறியப்படுகிறது. அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே உருவானது. பிரெஞ்சுக்காரன் மாட்டிறைச்சி கேட்டதால் எலும்பு மிஞ்சியது என்பதும் அதன் பிறப்பில் ஒரு பங்கு. பான்-மீ என்கிற ரொட்டி பிரெஞ்சு ரொட்டியின் பிள்ளை. சைகோன் பக்கத்தில் கா-ரீ என்று ஒன்று செய்கிறார்கள். கோழி, தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மசாலாத் தூள். ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுத் தின்கிறார்கள். கா-ரீ நம்முடைய கறி. பேரே நம்முடையது. அங்கே போய் இதைச் சாப்பிட்டுவிட்டு வருகிற தமிழன் 'இது அசல் கறி அல்ல' என்று சமையல்காரரைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. 'பார், நம் கறி எவ்வளவு தூரம் போயிருக்கிறது' என்று பெருமைப்படுகிறான். நம்முடையது அங்கே போய் மாறினால் அது பரவல். அவர்களுடையது இங்கே வந்து மாறினால் அது பழுது.

அன்றைக்கு சாயோவுக்குப் பிறகு வந்த அரிசி நூடில்ஸை எங்கள் பக்கத்துச் சேவையின் தங்கை என்று சொல்லலாம். அதன்மேல் வறுத்து இடித்த மல்லாக்கொட்டையைத் தூவியிருந்தார்கள். தென்னார்க்காட்டில் நாங்கள் நிலக்கடலையை மல்லாக்கொட்டை என்போம், மணிலாக்கொட்டையின் மரூஉ. கொட்டை பிறந்தது தென்னமெரிக்காவில், எங்கள் வாயில் அதன் பேர் பிலிப்பைன்ஸ் தலைநகரம். பண்ருட்டி முந்திரியும் பிரேஜிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. இன்று முந்திரி ஏற்றுமதியில் உலகத்தில் முன்னால் நிற்பது வியத்நாம். மிளகாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றில் ஒன்றையாவது அசல் இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் ஒதுக்கியதில்லை. நாம் நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மூலம் கேட்பதில்லை. அம்மா செய்தது என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கடைக்கார அம்மாளும் அதைத்தான் சொன்னார். நமக்கு நாமே எப்போதும் கொடுத்துக்கொள்ளும் சலுகையை அவர் தனக்கும் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

4

நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வாதாடிக்கொண்டே வந்தோம். அவர் சொன்னது: "கேட்டதில என்ன சார் தப்பு? காசு கொடுக்கறோம். கலப்படமான்னு கேக்கறதுக்கு வாங்கறவனுக்கு உரிமை கெடையாதா?"

கலப்படம் வேறு. கலப்படத்தில் பொய் இருக்கிறது. மிளகு என்று சொல்லிப் பப்பாளி விதையைக் கொடுப்பவன் வாங்குபவனை ஏமாற்றுகிறான். அந்த அம்மாள் எதையும் எதுவென்றும் சொல்லவில்லை. சாயோ என்றார், சாயோ வந்தது. மைதா உறை என்பதை மறைக்கவும் இல்லை. அவர் ஒரு தேசத்தை விற்பதாகப் போர்டு மாட்டவில்லை. நான்தான் தேசத்தை வாங்க வந்தவனாக உட்கார்ந்திருந்தேன்.

நண்பர் விடவில்லை. "அப்ப ஒண்ணுமே கேக்காம தின்னுட்டுப் போறதா? அது மட்டும் மரியாதையா? அவங்க யாரு, எங்கேருந்து வந்தாங்க, இது எதையும் தெரிஞ்சுக்காம ஏப்பம் விட்டுட்டு எழுந்து போறவனைவிட நீங்க மேல்தானே?"

இந்த ஆட்சேபம் கனமானது. எனக்கு இதற்கு உடனே பதில் வரவில்லை. கேட்காமலிருப்பது பல சமயம் அலட்சியத்தின் மறுபெயர். தட்டில் வந்ததைத் தின்று, காசை வைத்துவிட்டுப் போகிறவன் சமைத்தவரை ஒரு யந்திரமாக்குகிறான். அப்படியானால் கேள்வி கேட்க வேண்டும், ஆனால் எந்தக் கேள்வி?

இதற்கு வருவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இதுவரை சொல்லாமல் விட்டேன். அசல்தானா என்று கேட்பதற்கு கால் மணி நேரம் முன்பு அதே அம்மாளிடம் நான் இரண்டு காரியம் சொல்லியிருந்தேன். சூப்பு மாட்டெலும்பில் வேண்டாம், கோழியில் இருந்தால் கொடுங்கள் என்றேன். நுவோக்-மாம் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது, குறைவாக ஊற்றுங்கள் என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் இரண்டையும் செய்துகொண்டு வந்தார். என் ஜாதிக்கும் என் மூக்குக்கும் ஏற்றபடி அவர் சமையலை வளைத்த பிறகுதான் அது வளைந்திருப்பதைக் கண்டுபிடித்து நான் கேள்வி கேட்டேன்.

ஆக, நான் அசலைக் கேட்கவில்லை. என்னைச் சிறிதும் தொந்தரவு செய்யாத ஒரு அசலைக் கேட்டேன். அது எங்கேயும் இல்லாதது. அதை உண்டாக்கிக் கொடுப்பது அவர் வேலை என்று எதிர்பார்த்தேன்.

இப்போது மைதா உறைக்கு வருகிறேன். பில் கொடுக்கும்போது நண்பர்தான் அதைப் பற்றி அவரிடம் கேட்டார். என் கேள்வியைப் போல் இல்லை, "இதுக்கு மைதா எப்பலேருந்து போடறீங்க?" என்று. அம்மாள் உட்கார்ந்துகொண்டே சொன்னார். அவர் தாய் வந்த புதிதில் சைகோனிலிருந்து வருகிறவர்கள் யாராவது அரிசித் தாளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்களாம். அப்புறம் வருகிறவர்கள் குறைந்தார்கள். அப்புறம் நின்றுவிட்டார்கள். தாய் வீட்டிலேயே அரிசி மாவில் வார்த்துப் பார்த்தார். புதுச்சேரி வெயிலில் காய்ந்து நொறுங்கிப்போயிற்று. பிறகு மைதா. "இப்ப கடையில பாக்கெட்ல அந்தத் தாள் கெடைக்குது. வாங்கியும் பாத்தேன். பிள்ளைங்க, இது நம்ம சாயோ இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

இதைவிடச் சரியான சரித்திரக் குறிப்பை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மைதா உறை பழுது இல்லை. அது ஒரு ஆவணம். ஒரு வழி அடைபட்டது, ஒரு பெண் தன் ஊரை மறுபடி பார்க்கவில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயோ சுருட்டுவதை விடவில்லை என்ற மூன்று விஷயங்களும் அந்த உறையில் எழுதியிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றும் ஒரு இழப்பு நடந்த இடத்தில் வைத்த அடையாளக் கல். பாக்கெட்டில் வருகிற அரிசித் தாளைப் போட்டுச் செய்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்த திருப்தி.

நண்பரின் ஆட்சேபத்துக்குப் பதில் நண்பரின் கேள்வியிலேயே இருந்தது. அசல்தானா என்பது தீர்ப்பை முன்னால் வைத்துக்கொண்டு கேட்பது. எப்போதிலிருந்து என்பது எதிரே இருப்பவருக்கு ஒரு காலம் உண்டு என்று ஏற்றுக்கொண்டு கேட்பது. முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான். இரண்டாவதற்கு அவர் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

5

எழுதுகிற நமக்கு இந்த அசல் விவகாரம் புதிதல்ல. 1959-ல் 'எழுத்து' தொடங்கி, அதில் புதுக்கவிதை வெளிவந்தபோது பண்டிதர்கள் சொன்னது இதையே: இது அசல் தமிழ்க் கவிதை அல்ல, மேல்நாட்டுச் சரக்கின் நகல். யாப்பு எங்கே என்று கேட்டார்கள். அரிசித் தாள் எங்கே என்று நான் கேட்ட மாதிரி. அதற்குக் கோபப்பட்ட நாம் பிறகு ஒருவரையொருவர் என்ன செய்தோம்? இவன் எலியட்டின் நகல், அவன் காஃப்காவின் நகல் என்று அதே கோலை எடுத்து அளந்தோம். ஒரு கவிஞன் எதை இழந்ததால் அந்தச் சொல்லை இரவல் வாங்கினான், எந்த வழி அடைபட்டதால் அப்படி எழுதினான் என்று கேட்ட விமர்சனம் குறைவு.

நகல் என்ற சொல்லும் அரபிதான். அதன் பழைய அர்த்தம் பிரதி இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வது, இடம் மாற்றுவது. ஏட்டிலிருந்து ஏட்டுக்கு எழுத்தை எடுத்துச் சென்றதால் பிரதி என்ற அர்த்தம் வந்தது. இந்த அர்த்தத்தில் அந்தச் சாயோ நகல்தான். சுமந்து வரப்பட்டது. சுமந்தவரின் கை அதில் பட்டிருக்கிறது.

இடம் மாற்றுவது என்று எழுதும்போது எங்கள் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அசலைக் கேட்கிற என் வாதத்துக்கு எதிரான வாதமும் அங்கேதான் இருக்கிறது. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டு, 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி முகம் காட்டியது. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் கொடுத்தது, 2020-ல் மூடப்பட்டது. நிலக்கரி எடுக்க மேலே இருந்த கிராமங்கள் போக வேண்டியிருந்தது. போயின. வந்தவர்கள் நாங்கள், பல ஜில்லாக்களிலிருந்தும் பல பாஷைகளிலிருந்தும். எண் போட்ட வட்டங்களில் குடியேறினோம். சுரங்கத்தில் தோண்டிய மண்ணை நிலக்கரி எடுத்த குழியில் திரும்பக் கொட்டி மரம் நடுகிறார்கள். அடியில் இருந்தது மேலே, மேலே இருந்தது அடியில். பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் இடம் பெயர்ந்த கிராமத்தைச் சேர்ந்த ஒரு கிழவரிடம் போய், 'அசல் என்று ஒன்றும் இல்லை, எல்லாமே மாற்றம்தான்' என்று நான் சொல்ல முடியுமா? சொன்னால் அது தத்துவம் இல்லை, அயோக்கியத்தனம்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற நெல்வயலில் இயந்திரங்களை இறக்கினார்கள். நிலம் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு கொடுத்தாயிற்று என்று நிறுவனத் தரப்பில் சொன்னார்கள். கணக்குப்படி அசல் தீர்ந்திருக்கலாம். வயலில் நின்றவர்களுக்குத் தீரவில்லை. அவர்கள் 'இது எங்க மண்' என்று சொன்னால் அந்த அசலுக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

ஆக, சொல்லில் குற்றமில்லை, யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. இழந்தவர் அசல் என்று சொல்லும்போது அது துக்கம். வாங்க வந்தவன் சொல்லும்போது அது சரக்கின் தரம். கடைக்கார அம்மாளின் தாய் தன் மைதாச் சாயோவைக் கடித்துவிட்டு 'இது அது இல்லை' என்று என்றாவது ஒரு நாள் சொல்லியிருக்கக்கூடும். அந்த வாக்கியம் அவருடையது. அதை அவரிடமிருந்து எடுத்து, அவர் மகளிடமே திருப்பிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்?

நெய்வேலிக்கு வரும் ஒரு வழியில் வடலூரைக் கடந்து வர வேண்டும். ராமலிங்க அடிகள் 1867 மே 23-ல் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அங்கே சாப்பிட உட்காருகிறவனை யார், எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்பதில்லை. பசி போதும். சாப்பிடுகிறவனும் சோற்றின் பூர்வோத்தரத்தை விசாரிப்பதில்லை. கடை தருமச்சாலை அல்ல என்பது எனக்குத் தெரியும். அங்கே நான் பசியோடு போகவில்லை, ருசியோடு போனேன். காசு கொடுத்தேன். ஆனால் காசு ஒரு தட்டுக்கு விலை. அதைச் சமைத்தவரின் வம்சாவளிக்கு அல்ல. உட்காருகிறவனை விசாரிக்காத ஒரு அடுப்பு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே எரிகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்பை விசாரிக்கும் பழக்கத்தை நான் எங்கே கற்றேன் என்று தெரியவில்லை.

6

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன், தனியாக. அம்மாளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. சாயோவும் சூப்பும் கேட்டேன். சூப்பு எதில் இருந்தாலும் சரி என்றேன். இதைச் சொல்வதில் ஒரு சின்ன வீரம் இருந்தது, அதுவும் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். அன்றைக்கு அவரிடம் கோழிச் சூப்புதான் இருந்தது. என் வீரம் வீணாயிற்று.

சாற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் ஊற்றுவதற்கு முன் நிறுத்தி, "போன தடவை வாடை வேணாம்னீங்க. அதனால எலுமிச்சம்பழம் கூடப் புழிஞ்சு தனியா வச்சிருக்கேன். அதைத் தரவா?" என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. இன்னொரு மாற்று தயாராகிக்கொண்டிருந்தது, இந்தத் தடவை என் பொருட்டு. நாளைக்கு யாராவது இந்தக் கடைக்கு வந்து, சாற்றில் எலுமிச்சை தூக்கலாக இருக்கிறதே, இது அசல்தானா என்று கேட்கலாம். அதற்கு அந்த அம்மாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"வேணாங்க. நீங்க வீட்டுல எப்படிச் சாப்பிடுவீங்களோ அதையே கொடுங்க" என்றேன்.

ஊற்றினார். தொட்டுச் சாப்பிட்டேன். வாடை எனக்கு இன்னும் பழகவில்லை.